கடையாமத்துத் துயில்

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்பது தமிழரிடையே தொன்றுதொட்டு வழங்கிவரும் நம்பிக்கை. இதற்கு நம் மொழியில் நூலே உண்டு. பொன்னவன் இயற்றியதாகக் கூறப்படும் கனாநூல் இரவை நான்கு யாமங்களாகப் பகுக்கிறது. முதல் யாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்துக் கனவு எட்டுத் திங்களிலும், மூன்றாம் யாமத்துக் கனவு மூன்று திங்களிலும், கடையாமத்துக் கனவு பத்து நாளிலும் பலிக்கும் என்பது அந்நூலின் கணக்கு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் பாண்டிமாதேவியும் ஆளுக்கொரு தீக்கனவு காண்கின்றனர். கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் உரைக்கும் பகுதிக்குக் கனாத்திறம் உரைத்த காதை என்றே பெயர். திருக்குறளின் 122ஆம் அதிகாரம் கனவுநிலை உரைத்தல்.

கனவு பலிக்குமா என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் கனாநூலார் இரவைப் பகுத்த முறையில் ஒரு கூரிய கவனிப்பு இருக்கிறது. இரவின் எல்லாப் பகுதிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. கடைசி யாமத்துக் கனவே தெளிவு மிக்கது, விழித்த பின்னும் நினைவில் நிற்பது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றைய உறக்க அறிவியலும் இரவை அவ்வாறே பகுக்கிறது. கெடாவின் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் வாழும் நம்மவருள் பலர் இன்று இழந்துவருவது இக்கடையாமத்துத் துயிலைத்தான். அந்த இழப்புக்கும் நம்மிடையே பெருகியுள்ள நீரிழிவு, இரத்த அழுத்த நோய்களுக்கும் உள்ள உறவை எடுத்துரைப்பதே இங்கு நோக்கம்.

உறங்கும்போது மூளை விளக்கணைத்த வீடுபோல் ஓய்ந்திருக்கும் என்றே 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அறிஞர் பலரும் கருதினர். 1951இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவர் யூஜின் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகே மின்முனைகளைப் பொருத்தி, உறங்கவைத்து, கருவியின் காகிதச் சுருளைக் கவனித்தார். மூடிய இமைகளுக்குள் சிறுவனின் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதைக் கருவி காட்டியது. பின்னர், அவ்வேளையில் எழுப்பப்பட்டவருள் பெரும்பாலோர் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். அசெரின்ஸ்கியும் அவருடைய வழிகாட்டி நத்தானியல் கிளைட்மனும் 1953இல் இதனை வெளியிட்டனர். அந்நிலையை விரைவிழி அசைவு உறக்கம் என்கிறோம். கனவுத் துயில் என்று எளிமையாகச் சொல்லலாம்.

நல்ல உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக இரவில் நான்கைந்து முறை நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மெல்லுறக்கம், ஆழ்துயில், கனவுத் துயில் ஆகிய நிலைகள் வந்துபோகும். ஆனால் அவற்றின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். முன்னிரவில் ஆழ்துயில் மிகுதி. அப்போது இதயம் மெதுவாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் தாழும், பிள்ளைகளுக்கு வளர்ச்சிச் சுரப்பு பெருகும். பின்னிரவில் கனவுத் துயில் நீளும். முதல் சுற்றில் சில நிமிடங்களே இருந்த அது, விடியலை நெருங்கும்போது அரைமணி நேரத்துக்கும் நீளக்கூடும். எனவே எட்டு மணி நேரம் உறங்க வேண்டியவர் ஆறு மணி நேரத்தில் எழுப்பப்பட்டால், உறக்கத்தில் அவர் இழப்பது நான்கில் ஒரு பங்கு. கனவுத் துயிலில் அவர் இழப்பது அதனினும் பெரும்பங்கு.

அதிகாலையில் எழுவது நம்மவர்க்குப் புதிதன்று. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். அதற்கு மரமே காரணம். கதிரவன் எழுந்தபின் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போவதால் பால்நாளங்களில் உள்ள அழுத்தம் குறைகிறது, பால் மெதுவாக வடிகிறது. விடியுமுன் வெட்டினால் மங்கு நிறையும். ஆகவே நான்கு மணிக்கே லயத்து வீடுகளில் அடுப்பு மூட்டப்பட்டது. பெரட்டுக்குப் பிந்திச் சென்றவர் தண்டலின் வாயிலும் கிராணியின் ஏட்டிலும் அகப்பட்டார். சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரங்களில் வளர்ந்த மூத்தோர்க்கு இது நன்கு தெரியும்.

ஆனால் அவ்வாழ்க்கைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. பல தோட்டங்களில் மின்பொறி ஓடியது இரவின் தொடக்கத்தில் சில மணி நேரமே. விளக்கு அணைந்தால் லயம் உறங்கிவிடும். எட்டரை மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தவர் ஏழரை மணி நேரம் உறங்கியவர். நண்பகலில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சிறிது கண்ணயர்ந்தவரும் உண்டு. அத்தலைமுறையின் துன்பங்களை மறைத்து அக்காலத்தைப் புகழ்வது தவறு. கூலியும் குடிநீரும் மருந்தும் போதாத வாழ்க்கை அது. உறக்கத்தின் அளவில் மட்டும் அது ஓர் ஒழுங்குடன் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின் அதிகாலை விழிப்பு அப்படியே இருக்கிறது. முன்னிரவு உறக்கமோ போய்விட்டது. தொலைக்காட்சித் தொடர் பத்து மணிவரை ஓடுகிறது, கைப்பேசி நள்ளிரவுவரை ஒளிர்கிறது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற தொழிற்பேட்டைகளில் பன்னிரண்டு மணி நேர இரவு முறை வேலைக்குச் செல்வோரின் நிலை இன்னும் கடினமானது. பகலில் வெப்பத்திலும் பிள்ளைகளின் ஆரவாரத்திலும் உறங்க வேண்டிய அவர்களுக்கு யாமக் கணக்கே தலைகீழாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதனையே உறுதிசெய்தது.

இனி, நம் பள்ளிப் பிள்ளைகளின் காலைப் பொழுதைப் பார்ப்போம். இங்குக் கடிகாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அலோர் ஸ்டார் ஏறத்தாழ 100 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. நம் கடிகாரமோ 120 பாகை நெடுங்கோட்டின்படி, அதாவது பிலிப்பைன்சின் லூசோன் தீவை ஒட்டிய கோட்டின்படி ஓடுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் எனக் கணக்கிட்டால், நமக்குக் கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.18 மணிக்கு. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து தாய்லாந்தின் சாடாவ் ஊருக்குள் நுழைந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்செல்கிறது. கதிரவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

1981 வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் இன்றைய நேரத்துக்கு அரைமணி பிந்தியிருந்தது. சபா, சரவாக்குடன் நாடு முழுதும் ஒரே நேரத்தைப் பின்பற்றும் பொருட்டு, 1982 சனவரி முதல் நாள் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது, அலோர் ஸ்டாரில் பிறந்து இங்கேயே கிளினிக் நடத்திய மருத்துவர் என்பது ஒரு சுவையான செய்தி. அம்மாற்றத்தில் நாட்டு நிருவாகத்துக்கும் வணிகத்துக்கும் நன்மை உண்டு. அதனைத் திருப்பக் கோருவது என் கருத்தன்று. அதன் விளைவை நாட்டின் மேற்கு ஓரத்தில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

விளைவு இதுதான். அலோர் ஸ்டாரில் கதிரவன் எழுவது ஆண்டு முழுவதும் 7 மணிக்கும் 7.40க்கும் இடையில். சனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் 7.35 அளவில். பள்ளி தொடங்குவதோ 7.30 அளவில். பள்ளிப் பேருந்துக்காக 5.30 மணிக்கு எழும் பிள்ளை, கதிரவனின் கணக்கில் பார்த்தால், கடையாமத்தின் நடுவில் எழுப்பப்படுகிறது. மாலையிலும் 7 மணிக்குமேல் வெளிச்சம் இருப்பதால் உடல் உறக்கத்துக்கு ஆயத்தமாவது தாமதமாகிறது. அமெரிக்காவில் நேர மண்டலங்களின் ஓரங்களில் வாழ்வோரை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வொன்று, கதிரவன் பிந்தி மறையும் பக்கத்தில் வாழ்வோர் நாளொன்றுக்குச் சராசரியாக 19 நிமிடம் குறைவாக உறங்குவதாகக் கண்டது. சிறிய அளவுதான், ஆனால் அது ஆண்டின் எல்லா நாளும் சேரும் கடன்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் நாட்கடிகாரம் ஒன்று இயங்குகிறது. அதன் மூலக்கூற்று அமைப்பைப் பழ ஈக்களில் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர்க்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரங்களுக்கெல்லாம் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. காலை ஒளி அதனை முன்னே நகர்த்தும். இரவு ஒளி பின்னே தள்ளும். பதின்ம வயதில் இக்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. பத்து மணிக்கு உறக்கம் வரவில்லை என்று படிவம் நான்கு மாணவன் கூறினால் அது பெரும்பாலும் உண்மையே. 13 முதல் 18 வயதினர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம். 5.30க்கு எழும் எஸ்.பி.எம். மாணவன் எட்டு மணி நேரமாவது உறங்க இரவு 9.30க்குப் படுத்திருக்க வேண்டும். நம் ஊர்களில் டியூஷன் வகுப்பு முடிந்து அவன் வீடு திரும்பும் நேரமே ஏறத்தாழ அதுதான்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவு நெடுநேரம் விழித்து, வெள்ளி முற்பகல்வரை உறங்கி, சனி இரவில் உறக்கம் வராமல் புரண்டு, ஞாயிறு காலை வகுப்பில் தலைசாயும் பிள்ளை, உண்மையில் இரண்டு நாளுக்குள் இரண்டு மணி நேர வேறுபாடுள்ள ஒரு நாட்டுக்குப் போய்த் திரும்பியதற்கு ஒப்பான நிலையில் இருக்கிறது. அப்பிள்ளைக்குக் கும்பகர்ணன் என்று பட்டம் சூட்டுவது வகுப்பறைகளில் பழகிப்போன ஒன்று. வள்ளுவரும் துயிலைக் காலத்தாழ்வு, மறதி, சோம்பல் ஆகியவற்றோடு சேர்த்தே மடியின்மை அதிகாரத்தில் வைத்தார். அவர் கடிந்தது செயலைத் தவிர்க்கும் மிகைத் துயிலை. போதிய உறக்கம் பெறாத குழந்தையை அன்று என்றே நான் பொருள் கொள்கிறேன். தெலுங்கு நாட்டார் மரபில் ஒரு கதை பாடப்படுகிறது. அண்ணனைக் காக்கப் பதினான்கு ஆண்டு கண்விழித்த இலக்குவனின் உறக்கத்தையெல்லாம் அரண்மனையில் இருந்த ஊர்மிளை ஏற்று உறங்கினாளாம். விட்ட உறக்கத்தை யாரேனும் ஈடுசெய்தே ஆக வேண்டும் என்று அம்மக்கள் அறிந்திருந்தனர்.

அந்த ஈட்டை உடல் எவ்வாறு செலுத்துகிறது? 1999இல் சிக்காகோவில் கரீன் ஸ்பீகல், ஈவ் வான் கோட்டர் குழுவினர், உடல்நலம் மிக்க இளைஞர் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கச் செய்தனர். அந்த ஆறே நாளில், இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கையாளும் அவர்களின் ஆற்றல், நீரிழிவின் தொடக்கநிலையில் இருப்பவரைப்போல் தளர்ந்தது. 2004இல் அக்குழுவினர் 12 பேரிடம் செய்த மற்றோர் ஆய்வில், இரண்டு இரவுகளின் குறையுறக்கத்தால் பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. இரவுப் பணி முடிந்தவரின் கை ரொட்டி சானாய்க்கும் இனிப்பு மிகுந்த தே தாரிக்குக்கும் போவதில் மனவுறுதியின் குறை மட்டும் இல்லை என்பதை இது விளக்குகிறது.

2010இல் பிரான்செஸ்கோ கப்புச்சியோ குழுவினர், ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த பத்து ஆய்வுகளைத் தொகுத்தனர். குறைவாக உறங்குவோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28 விழுக்காடும், இடையிடையே விழித்து உறக்கம் கலைவோர்க்கு 84 விழுக்காடும் மிகுதி எனத் தெரிந்தது. மிக நீண்ட நேரம் உறங்குவோரிடமும் அவ்வாய்ப்பு மிகுந்தே காணப்பட்டது. மறைந்துள்ள நோய் ஒன்றே அவர்களை அவ்வாறு உறங்கவைத்திருக்கவும் கூடும். மலேசிய இந்தியரைப் பொறுத்தவரை இவ்வெண்கள் பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனை அறியாமலே இருந்தனர். உணவும் உடலுழைப்புக் குறைவும் மரபுக் கூறும் இதில் பெரும்பங்கு உடையவை. அவற்றைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். உறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

உறக்கத்தின் நேரத்தோடு அதன் தரமும் கணக்கில் சேரும். 2008இல் சிக்காகோவில் ஒன்பது பேரிடம் மற்றோர் ஆய்வு நடந்தது. அவர்கள் ஆழ்துயிலில் இறங்கும்போதெல்லாம் மெல்லிய ஒலி எழுப்பி, விழிக்கவிடாமல் மேல்நிலைக்குக் கொண்டுவந்தனர். உறங்கிய நேரம் குறையவில்லை. மூன்றே இரவுகளில் இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. அந்த ஒலிக்கு ஈடான ஒன்று நம் வீடுகளில் இரவுதோறும் நிகழ்கிறது. அதுதான் குறட்டை.

குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். சிலரிடம் அது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதன் ஓசை. குறட்டை திடீரென நிற்கும். பத்து, இருபது நொடி அமைதி. பிறகு ஒரு திணறலுடன் மூச்சு திரும்பும். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை அரைகுறையாக விழித்து, அபாயச் சுரப்பைப் பாய்ச்சி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. இது இரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழக்கூடும். மூன்று மாத்திரை உண்டும் இறங்காத இரத்த அழுத்தத்தின் பின்னணியில் இந்த உறக்க மூச்சுத்தடை இருப்பது அரிதன்று. சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் உருவாக்கிய காற்றழுத்தக் கருவி இன்றும் இதற்கு முதன்மை மருத்துவம். உரத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, உயர் இரத்த அழுத்தம், 40 செ.மீ.க்கு மிகுந்த கழுத்துச் சுற்றளவு ஆகியவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் குறட்டை விடுபவர்க்குத் தம் குறட்டை கேட்பதில்லை. மனைவியோ பேரப்பிள்ளையோதான் சாட்சி.

மீண்டும் கனவுக்கு வருவோம். தோட்டப்புறங்களில் அமுக்குவான் பேயைப் பற்றிக் கேள்விப்படாதவர் இலர். விழிப்பு வந்துவிடும், அறை தெரியும், கைகால் அசையாது, நெஞ்சின்மேல் ஏதோ ஏறி அமர்ந்திருக்கும், குரல் எழாது. அண்டை வீட்டு மலாய்க்காரர் இதனைக் கெனா திண்டே என்பர். நியூபவுண்ட்லாந்து மீனவர் கிழவி ஒருத்தி வந்து அமர்வதாகக் கூறினர். கனவுத் துயிலின்போது மூளை கைகால் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. கனவில் ஓடுபவர் படுக்கையை விட்டு ஓடாதிருக்க அது ஒரு காவல். சிலவேளை விழிப்பு முந்திக்கொண்டு, தசைக்கட்டு அவிழப் பிந்துகிறது. கனவின் உருவங்களும் அச்சமும் விழித்த கண்முன் சில நொடிகள் நீடிக்கின்றன. உறக்கம் குறைந்தவரையும், முறைமாற்று வேலை செய்பவரையும், மல்லாந்து படுப்பவரையும் இது மிகுதியாக நாடுகிறது. எப்போதேனும் நேர்வதால் உயிருக்குத் தீங்கில்லை. தாயத்து கட்டிக்கொள்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. அவர் அன்றிரவு முன்னதாகப் படுத்து, ஒருக்களித்து உறங்கினால் போதும்.

வேறு சில கனவுகள் அவ்வாறு விட்டுவிடத் தக்கவை அல்ல. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்க்கு, இரவில் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கும்போது கொடுங்கனவு வரலாம். நனைந்த சட்டையுடனும் படபடப்புடனும் விழிப்பார், அல்லது விழிக்காமலே காலையில் தலைவலியுடன் எழுவார். பாட்டி இரவில் பிதற்றினாள், உடலெல்லாம் வேர்த்தது, யாரோ கூப்பிட்டதாகச் சொன்னாள் என்ற செய்தி பூசாரியிடம் போகுமுன் கிளினிக்குக்குப் போக வேண்டும். மருந்தின் அளவைத் தாமே குறைக்கவும் நிறுத்தவும் கூடாது. அது மருத்துவர் செய்ய வேண்டியது. இதய நோய்க்கும் கைநடுக்கத்துக்கும் கொடுக்கப்படும் புரொப்பிரனலோல் போன்ற மருந்துகள் தெளிவான தீக்கனவுகளைத் தருவதுண்டு. சம்சு குடித்தவர்க்கு முன்னிரவில் கனவுத் துயில் அடக்கப்பட்டுக் கடையாமத்தில் அது வெள்ளமாய்த் திரும்புகிறது. குடித்தால்தான் உறக்கம் வருகிறது என்பவரின் அதிகாலைக் கொடுங்கனவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

இன்னொன்று, அரியது. முதியவர் ஒருவர் கனவில் சண்டையிட்டு, உண்மையிலேயே கையை வீசி, மனைவியை அடித்துவிடுகிறார், விழித்ததும் வருந்துகிறார். தசைகளைக் கட்டும் காவல் தளர்ந்துவிட்ட நிலை இது. 1986இல் மினியாபொலிசில் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மகோவால்டும் இதனை முதன்முதல் ஒரு நோயாக விளக்கினர். இவர்களுள் பலர்க்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதனை ஒத்த நரம்பு நோயோ தோன்றுவது பின்னர்த் தெரிந்தது. வரப்போவதை முன்னறிவிக்கும் கனவு என்று ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது இதுதான். பத்து நாளிலன்று, பத்தாண்டில்.

பள்ளியில் இதற்கென ஒரு பயிற்சியை எளிதாகச் செய்யலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவரும் இடைநிலைப்பள்ளி மாணவரும் பதினான்கு இரவுகளுக்கு உறக்கக் குறிப்பேடு ஒன்றை எழுதட்டும். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்தது, பகலில் கண்ணயர்ந்தது, நினைவில் நின்ற கனவு ஆகியவை போதும். வியாழன் இரவும் சனி இரவும் தவறாமல் இடம்பெற வேண்டும். கணிதப் பாடத்தில் சராசரி காணவும், தமிழ்ப் பாடத்தில் கனவை விவரித்து எழுதவும் அதுவே போதிய பொருள் தரும். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியதாகக் கணக்கு காட்டும் பிள்ளையின் பெற்றோரிடம் டியூஷன் நேரத்தைப் பற்றியும் கைப்பேசியை இரவில் எங்கே வைப்பது என்பதைப் பற்றியும் ஆசிரியர் பேசலாம். கதிரவன் எழுந்தபின் சபைகூடலைத் திறந்தவெளியில் நடத்தினால் பிள்ளைகளின் கடிகாரத்துக்கு வேண்டிய ஒளியும் கிடைக்கும்.

அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை வீட்டு மூத்தோர்க்கு ஒதுக்கலாம். தாத்தா குறட்டை விடுகிறாரா, இடையில் அது நிற்கிறதா, பாட்டி வேர்த்து விழிக்கிறாளா, கனவில் கைகால் வீசுகிறவர் யாரேனும் உண்டா என்று பிள்ளை கேட்டு எழுதட்டும். அடுத்த முறை சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது தாத்தா தம் நீரிழிவுப் புத்தகத்தோடு அந்தத் தாளையும் எடுத்துச் செல்லலாம்.